சந்தையை மடக்கியவர்கள்: சிட்னித் துறைமுகத்தின் றம் வணிகமும் அது விட்டுச்சென்ற தடங்களும்

(பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)



பொருளைச் சேமித்து வைப்பது வேறு. சந்தையை மடக்குவது வேறு. மாரிக்கு முன்னர் நெல்லைக் கூடையில் இட்டு வைக்கும் குடும்பத்தை எந்தச் சமூகமும் குற்றவாளியாகப் பார்த்ததில்லை. சந்தைக்கு வரும் பொருள் முழுவதையும், அது சந்தையை அடைவதற்கு முன்னரே வாங்கிக் குவித்து, ஏனையோருக்கு வேறு வழியில்லாத நிலையை உண்டாக்கி, பின்னர் தான் நினைத்த விலைக்கு விற்பதே இங்கு பேசப்படும் செயல். தமிழில் இதற்குப் பதுக்கல், கொள்ளை இலாபம், முற்றுரிமை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. சொற்கள் பலவாக இருப்பதே, இச்செயல் மக்களுக்கு எவ்வளவு பழக்கமானது என்பதைக் காட்டுகின்றது எனலாம்.

இது புதிய நோயன்று. வணிகர்கள் தமக்குள் கூடிப் பேசிச் சரக்கை முடக்கினாலோ, மிகை விலைக்கு விற்றாலோ ஆயிரம் பணம் தண்டம் விதிக்க வேண்டும் எனக் கௌடலியரின் அர்த்தசாத்திரம் விதித்துள்ளது. இங்கிலாந்தில் 1552ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, சந்தைக்கு வரும் வழியிலேயே பொருளை மறித்து வாங்குவதையும், மறுவிற்பனைக்காக மொத்தமாக வாங்கிக் குவிப்பதையும் குற்றமாக்கியது. அச்சட்டத்தை 1772இல் நாடாளுமன்றம் நீக்கிய பின்னரும் நீதிமன்றங்கள் அதனை மரபுவழிக் குற்றமாகவே கருதி வந்தன. 1800ஆம் ஆண்டில் வாடிங்டன் என்னும் வணிகர், பியர் வடிக்கப் பயன்படும் ஹொப் பயிரை வாங்கிக் குவித்து விலையேற்ற முயன்றமைக்காக இலண்டனில் தண்டிக்கப்பட்டார். 1844இல்தான் அந்தக் குற்றம் முற்றாகக் கைவிடப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலண்டனில் ஒரு வணிகர் இதற்காகத் தண்டனை பெற்ற அதே காலப்பகுதியில், அதே மன்னரின் சீருடையணிந்த அதிகாரிகள் சிட்னியில் இதனையே தமது அன்றாடத் தொழிலாக நடத்திக்கொண்டிருந்தனர். அவர்களைத் தண்டிக்க வேண்டிய நீதிமன்றமும் அவர்களாகவே இருந்தனர்!

இந்த வரலாற்றை அவுஸ்திரேலியாவில் வளரும் தமிழ் இளையோர் பாடநூலில் ஓரிரு வரிகளாகக் கடந்திருப்பர். "றம் கலகம்" என்ற பெயர் நினைவில் இருக்கும். அதன் பின்னால் நின்ற சந்தை நினைவில் இராது. அந்தச் சந்தை இயங்கிய முறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

1788 சனவரி 26இல் முதற் கப்பற்படை சிட்னிக் குடாவில் கரையிறங்கியது. அது அந்நிலத்தின் பூர்வீகக் குடிகள் துயர நாளாக நினைவுகூரும் நாள். வந்திறங்கியோரில் பெரும்பாலோர் கைதிகள். அவர்களைக் காக்கப் படையினர். ஆளுவதற்கு ஆளுநர் ஆதர் பிலிப். கடை இல்லை, சந்தை இல்லை, புழங்குவதற்கு நாணயமும் இல்லை. அரச களஞ்சியத்தில் இருந்து எல்லோருக்கும் பங்கீடு அளக்கப்பட்டது. பங்கீட்டுக்கு அப்பாற்பட்ட தேயிலை, சீனி, துணி, சவர்க்காரம், மதுபானம் எதுவாயினும் எப்போதாவது வந்து நங்கூரமிடும் கப்பலில் இருந்தே வரவேண்டும்.

அந்தக் கப்பலிடம் யாரால் வாங்க முடியும்? இங்கேதான் முழுச் சூட்சுமமும் இருக்கின்றது. கப்பல் தலைவருக்குக் கோதுமை மூட்டை தேவையில்லை. குடியேற்றத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் கடன் சீட்டும் தேவையில்லை. இலண்டனில் பணமாக மாறக்கூடிய உண்டியல் மட்டுமே அவருக்குத் தேவை. உண்டியல் என்றால் என்னவென்று புலம்பெயர்ந்த தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நியூ சவுத் வேல்ஸ் படையணியின் அதிகாரிகளுக்குச் சம்பளம் இலண்டனில் வரவு வைக்கப்பட்டமையால், அதன்மீது உண்டியல் எழுதும் வசதி அவர்களிடம் இருந்தது. உழைத்து விளைவித்த விவசாயியிடம் அது இருக்கவில்லை. படையணியின் சம்பளப் பொறுப்பைக் கவனித்தவர் ஜோன் மக்காத்தர்; அப்பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும்.

1792 ஒக்ரோபரில் அதிகாரிகள் பங்குப் பணம் சேர்த்து, பிரிற்றானியா என்னும் கப்பலைத் தமக்காக அமர்த்தி, நன்னம்பிக்கை முனைக்குச் சரக்கு வாங்க அனுப்பினர். ஆளுநர் பிலிப் இதனை விரும்பவில்லை. ஆயினும் அவர் நோயுற்றுத் தாயகம் திரும்பும் தறுவாயில் இருந்தார். டிசம்பர் 11இல் அவர் புறப்பட்டார். இரண்டு வாரங்கள் கழியுமுன், நத்தார் வேளையில், ஹோப் என்னும் அமெரிக்கக் கப்பல் வந்து சேர்ந்தது. உணவுப் பொருள் வேண்டுமாயின் தன்னிடமுள்ள ஏறத்தாழ 7,500 கலன் மதுபானத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும் என அதன் தலைவர் பெஞ்சமின் பேஜ் நிபந்தனை விதித்தார். ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த படையணித் தளபதி பிரான்சிஸ் குரோஸ் இணங்கினார். மதுபானம் அதிகாரிகளின் கைக்கும், அவர்கள் வழியாக ஊருக்குள்ளும் சென்றது.

கப்பல் தலைவர் தம்மை மடக்கிய அதே உத்தியை அதிகாரிகள் ஊரின்மீது திருப்பினர். அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையை ஏற்றிக்கொள்ளவில்லை. கூட்டாகச் சென்று சரக்கு முழுவதையும் பேசி முடித்தனர். பின்னர் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். சீருடை அணிந்தவர் கடையில் நின்று அளந்து விற்பது மரியாதைக் குறைவல்லவா? அதனால் சில்லறை விற்பனைக்குக் கீழ்நிலைப் படைவீரரும் விடுதலை பெற்ற கைதிகளும் பெண்களும் முன்னிறுத்தப்பட்டனர். கரைக்கு வந்த பொருள் குடியானவரின் வீட்டை அடையும்போது விலை பல மடங்காகியிருந்தது.

குரோஸ் ஆட்சியில் அதிகாரிகளுக்குத் தலா 100 ஏக்கர் நிலமும், அதில் வேலை செய்ய அரச செலவில் உணவூட்டப்பட்ட கைதிகளும் வழங்கப்பட்டனர். சிவில் நீதவான்களின் அதிகாரம் படையினரின் கைக்கு மாற்றப்பட்டது. 1793 பெப்ரவரியில் மக்காத்தர் பொது வேலைகளின் மேற்பார்வையாளரானார். சரக்கும் காணியும் கூலியாட்களும் வழக்கு மன்றமும் ஒரே வட்டத்தினரிடம் சேர்ந்துவிட்டன. கணினித் துறை மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வலையமைப்பு ஒன்றில் எல்லாப் போக்குவரத்தும் ஒரேயொரு கணுவின் ஊடாகச் சென்றால், அக்கணுவைப் பிடித்தவர் முழு வலையமைப்பையும் பிடித்தவராவார். அன்றைய சிட்னியில் அந்தக் கணு துறைமுகம்.

தோற்றவர் யாவர்? 1794 முதல் ஹோக்ஸ்பெரி ஆற்றங்கரையில் குடியமர்ந்த சிறு விவசாயிகள். மண் வளமானது, வெள்ளமோ அடிக்கடி வந்தது. அறுவடைக்கு முன்னர் பொருள் தேவைப்படும், கையில் பணமில்லை. வணிகரிடம் கடன் சீட்டு எழுதிக் கொடுப்பர். அறுவடையானதும் கோதுமை கடனுக்குப் போகும். போதாதெனில் காணியே கைமாறும். கூலியின் ஒரு பகுதி றம் மதுவாகவே கொடுக்கப்பட்டது. குடிக்காதவரும் அதனை வாங்கத்தான் வேண்டும். ஏனெனில் அதுவே நாணயம். அரச களஞ்சியம் கோதுமையை நிர்ணய விலைக்கு வாங்கிய போதிலும், தமது தானியத்துக்கு அங்கு இடம் கிடைப்பதில்லை எனச் சிறு விவசாயிகள் முறையிட்டனர். 1798இல் ஆளுநர் ஜோன் ஹன்ரர், மதகுரு சாமுவேல் மாஸ்டனையும் மருத்துவர் தோமஸ் ஆண்டலையும் அனுப்பிக் குடியானவரின் குறைகளைக் கேட்டறியச் செய்தார். கடனும், கொள்ளை விலையும், சிலரது முற்றுரிமையும் தம்மை அழிக்கின்றன என்பதே எங்கும் கிடைத்த மறுமொழி.

இக்கதையை "குடிகாரக் கைதிகள் குடித்து அழிந்தனர்" எனச் சுருக்கிக் கூறுவோர் உண்டு. அது வசதியான கூற்று, நேர்மையான கூற்றன்று. அழித்தது போத்தலைவிட அதன் விலையும், அந்த விலையைக் குறிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுமேயாகும்.

ஹன்ரர் ஆணைகள் பிறப்பித்தார், பயனில்லை. ஆணையை நிறைவேற்ற வேண்டியோர் அதிகாரிகளே அல்லவா! 1800இல் பொறுப்பேற்ற பிலிப் கிட்லி கிங், மதுபானம் ஏற்றி வந்த கப்பல்கள் பலவற்றைத் திருப்பி அனுப்பினார். அரச களஞ்சியத்தின் ஊடாக நியாய இலாபத்தில் பொருள் விற்கச் செய்தார். 1804இல் பரமட்டாவில் அரசின் பியர் வடிசாலையைத் தொடங்கினார். இவை ஓரளவு உதவின.

ஆணைகளைவிட அதிகமாக உதவியது மற்றொரு விற்பனையாளரின் வருகை. கல்கத்தாவில் வணிகம் நடத்திய ஸ்கொட்லாந்துக்காரரான றொபேட் கம்பெல் 1798இல் சரக்குடன் வந்து நிலைமையைப் பார்த்துச் சென்றார். 1800இல் சிட்னியிலேயே குடியேறி, குடாவின் மேற்குக் கரையில் தமது சொந்த இறங்குதுறையையும் களஞ்சியத்தையும் நிறுவினார். அவரும் இலாபத்துக்காகவே வந்தவர். தருமம் செய்ய வந்தவரல்லர். ஆனால் இந்தியாவில் இருந்து சீனி, தேயிலை, துணி எனத் தொடர்ச்சியாகக் கொண்டுவந்து, களஞ்சியத்தில் இருப்பு வைத்து, குறைந்த இலாபத்தில் விற்றார். கப்பல் வரும் நாளன்று வாங்காவிட்டால் இனிக் கிடையாது என்ற அச்சமே மடக்குவோரின் மூலதனம். அடுத்த வாரமும் கம்பெலின் களஞ்சியத்தில் சீனி இருக்கும் என்று மக்கள் அறிந்தபோது அந்த மூலதனம் கரையத் தொடங்கியது. 1804இல் இருநூறுக்கும் மேற்பட்ட குடியானவர் அவருக்கு நன்றி மடல் அளித்தனர்.

அதிகாரிகளின் சில்லறை முகவராக இருந்த சிமியோன் லோட் போன்ற விடுதலை பெற்ற கைதிகளும் இக்காலத்தில் சொந்தக் காலில் நின்று பெரு வணிகராயினர். முன்னிறுத்தப்பட்ட பொம்மைகள் முதலாளிகளாகிவிட்டனர். அவர்களும் கொள்ளை இலாபக் குற்றச்சாட்டுக்கு உள்ளாயினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1806 ஓகஸ்டில் ஆளுநராகப் பொறுப்பேற்ற வில்லியம் பிளை, அவ்வாண்டின் ஹோக்ஸ்பெரிப் பெருவெள்ளத்தில் நொடிந்த விவசாயிகளுக்கு அரச களஞ்சியத்தில் இருந்து உதவினார். 1807 பெப்ரவரியில் மதுபானத்தைப் பண்டமாற்றாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்தார். கம்பெலைத் துறைமுக வரி அதிகாரியாக்கினார். கடும் நாவும் முரட்டுக் குணமும் கொண்ட அவர் பலரைப் பகைத்துக்கொண்டார். 1808 சனவரியில் மக்காத்தர் மீதான வழக்கு முற்றியபோது, சரியாக 20ஆவது ஆண்டு நிறைவு நாளான சனவரி 26இல், மேஜர் ஜோர்ஜ் ஜோன்ஸ்ரன் ஏறத்தாழ 400 படையினருடன் அணிவகுத்துச் சென்று ஆளுநரைக் கைதுசெய்தார். அவுஸ்திரேலிய வரலாற்றில் படையினர் ஆட்சியைக் கவிழ்த்த ஒரே நிகழ்வு இது. "றம் கலகம்" என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். காணியும் தனிப்பகையும் அதிகாரப் போட்டியும் றம் அளவுக்கு அல்லது அதற்கு மேலாகவே காரணம் என்று பல வரலாற்றாளர் கூறுவர்; அது ஏற்கத்தக்கதே.

1810 சனவரி முதலாம் நாள் பொறுப்பேற்ற லக்லன் மக்குவாரி தம்முடன் வேறொரு படையணியை அழைத்து வந்தார். பழைய படையணி திருப்பி அழைக்கப்பட்டது. ஆனால் மருத்துவமனை கட்ட இலண்டன் பணம் தராதபோது அவரே என்ன செய்தார் தெரியுமா? அலெக்சாண்டர் றைலி, கார்ணம் பிளக்செல், டார்சி வென்ற்வேர்த் ஆகிய மூவருக்கு 45,000 கலன் றம் இறக்குமதி செய்யும் உரிமையை வழங்கி, அதற்கு ஈடாக மருத்துவமனையைக் கட்டித்தரச் செய்தார். பின்னர் அந்த அளவு கூட்டப்பட்டது. முற்றுரிமையை ஒழிக்க வந்த ஆட்சி, முற்றுரிமையை விற்று நோயாளருக்குக் கட்டில் போட்டது! சிட்னித் தமிழர் செறிந்து வாழும் வென்ற்வேர்த்வில், இந்த டார்சி வென்ற்வேர்த்தின் பெயரைத் தாங்கிய ஊர். ஹோம்புஷும் அவருடைய பண்ணைக்கு இடப்பட்ட பெயரே. தமிழ்க் கடைத்தெருவின் பெயர்ப்பலகையில் இந்த வரலாறு எழுதப்பட்டிருப்பதைப் பலர் அறியார்.

தமிழகத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. றம் நாணயமாக இருக்கும்வரை, றம் வைத்திருப்பவரே வங்கியாளர். இதனை மாற்ற 1812 நவம்பரில் சமராங் என்னும் கப்பல் 40,000 ஸ்பானிய வெள்ளி டொலர்களைச் சிட்னிக்குக் கொண்டுவந்தது. அது புறப்பட்ட துறை சென்னை. நாணயங்கள் வந்த வேகத்தில் கப்பல் தலைவர்களின் பெட்டிக்குள் சென்று மறைந்துவிடுமே? அதற்கு மக்குவாரி கண்ட உபாயம் அழகானது. கள்ள நாணயக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்ட வில்லியம் ஹென்ஷல் என்பவரைக் கொண்டே ஒவ்வொரு நாணயத்தின் நடுவிலும் ஓட்டையிடச் செய்தார். வெளிவளையத்துக்கு 5 சிலிங், நடுத்துண்டுக்கு 15 பென்ஸ் என மதிப்பிட்டார். முழு டொலரின் மதிப்பு 5 சிலிங்கே. ஆகவே வெட்டிய பின் நாணயத்தின் மதிப்பு உள்ளூரில் கூடியது. வெளியே கொண்டுசென்றால் நட்டம். 1814இல் புழக்கத்துக்கு விடப்பட்ட இதுவே அவுஸ்திரேலியாவின் முதல் சொந்த நாணயம். 1817இல் நியூ சவுத் வேல்ஸ் வங்கியும் தோன்றியது.

மெல்பேர்ண் வாசகர் கோபிக்க வேண்டாம். அங்கும் கதை உண்டு. கூட்டரசு நாடாளுமன்றம் மெல்பேர்ணில் இயங்கிய காலத்தில், 1906இல், வணிகக் கூட்டுச் சதிகளுக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. நியூகாசில் நிலக்கரிச் சுரங்க உரிமையாளரும் கப்பல் நிறுவனங்களும் கூடி விலையைப் பிடித்து வைத்ததாக வழக்குத் தொடரப்பட்டது. 1911இல் நீதியரசர் ஐசக்ஸ் குற்றம் எனத் தீர்ப்பளித்தார். 1912இல் உயர் நீதிமன்றமும் 1913இல் பிரித்தானியப் பிரிவுக் கவுன்சிலும் பொதுமக்களுக்குத் தீங்கு நிறுவப்படவில்லை எனக் கூறி அதனைக் கவிழ்த்தன. அத்துடன் அச்சட்டம் நெடுங்காலம் உறங்கியது. 1974இல்தான் வலுவான வணிக நடைமுறைச் சட்டம் வந்தது.

ஒரே வாயில் என்றால் என்னவென்பதை ஈழத்தில் இருந்து வந்த பெற்றோர் நூல் படித்து அறிய வேண்டியதில்லை. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர் யாழ் குடாநாட்டுக்குப் பொருள் கப்பலில் மட்டுமே வந்தது. சீனியும் பால்மாவும் எரிபொருளும் எவ்விலைக்குச் சென்றன என்பதை அங்கிருந்த உறவினரிடம் தொலைபேசியில் கேட்டவர்கள் பலர் இந்த அவையில் இருப்பர். பாதையை மூடியவர் வேறு. மூடிய பாதையில் இலாபம் கண்டவர் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதும், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதும் இளையோருக்கு நன்மை செய்யா.

இளையோர் இதனைப் பழங்கதை என எண்ணலாம். 2015ஆம் ஆண்டின் இறுதியில் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் குழந்தைப் பால்மா தட்டுகள் வெறுமையாயின. சீனாவில் 2008இல் நிகழ்ந்த பால்மா நச்சுக் கலப்புக்குப் பின்னர் அங்குள்ள பெற்றோர் அவுஸ்திரேலியப் பால்மாவையே நம்பினர். அவர்களுக்காக இங்கு தகரம் தகரமாக வாங்கி அனுப்புவது ஒரு தொழிலாயிற்று. பல்பொருள் அங்காடிகள் ஒருவருக்கு இத்தனை தகரம் என வரையறுத்தன. அந்தத் தாய்மார் இருபக்கமும் நியாயமாகவே அஞ்சினர். இடையில் நின்றவருக்கு அந்த அச்சமே வருமானம்.

2020 மார்ச்சில் கழிப்பறைத் தாளுக்குச் சண்டையிட்ட காட்சியை எவரும் மறந்திருக்கமாட்டார். அதைவிடக் கவனிக்க வேண்டியது அம்மாத இறுதியில் கூட்டரசு வெளியிட்ட ஆணை. கடையில் வாங்கிய முகக்கவசம், கையுறை, கிருமிநீக்கி முதலியவற்றை, வாங்கிய விலையின் 120 விழுக்காட்டுக்கு மேல் மறுவிற்பனை செய்வது குற்றமாக்கப்பட்டது. 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமிருந்தது. கைவிடப்பட்ட அந்தப் பழைய ஆங்கிலக் குற்றம், நெருக்கடி வந்தவுடன் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது.

2023 சூலை 20இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தபோது, வெளிநாட்டுத் தமிழரும் இந்தியரும் மூட்டை மூட்டையாக வாங்கினர். அத்தடை புழுங்கல் அரிசிக்குப் பொருந்தவில்லை. ஓகஸ்டில் அதற்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரியே விதிக்கப்பட்டது. 2024 செப்ரெம்பரில் வெள்ளை அரிசித் தடையும் நீங்கியது. வீட்டுக்கு ஒரு மூட்டை கூடுதலாக வாங்கிய அம்மாவும், கடைக்கு வந்த மூட்டைகள் அனைத்தையும் பின்னறைக்குள் நகர்த்தி வைத்து விலைச் சீட்டை மாற்றும் வியாபாரியும் ஒரே தராசில் வைக்கத்தக்கவரல்லர். ஆனால் முன்னவரின் பதற்றம் இன்றிப் பின்னவரின் கணக்கு பலிப்பதில்லை. பிள்ளைகள் இந்த வேறுபாட்டைக் கேட்டால், பெற்றோர் அதனைச் சாப்பாட்டு மேசையிலேயே பேசலாம். அரிசிப் பை அருகில்தான் இருக்கும்.

சிட்னியில் வாழ்வோர் ஒரு ஞாயிறு காலையில் பிள்ளைகளுடன் சேர்கியூலர் கீ சென்று இவ்விடங்களை நேரில் பார்க்கலாம். மேற்குக் கரையில் கம்பெல் குடாவும், 1839 முதல் கட்டப்பட்ட அவருடைய களஞ்சிய வரிசையும் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்து மக்குவாரி வீதிக்கு நடக்கும் தூரமே. றம் கொடுத்துக் கட்டிய மருத்துவமனையின் நடுப்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. தென்புறக் கட்டடம் பின்னாளில் நாணயச்சாலையாயிற்று. வடபுறக் கட்டடம் இன்று நியூ சவுத் வேல்ஸ் மாநில நாடாளுமன்றத்தின் முகப்பு.